சார்வாளுக்கு ஓர் ஓலைக் கொழுக்கட்டை

சென்னையில் என் பேரன் படிக்கும் பள்ளியிலிருந்து, ஆசிரியர் தினத்துக்குச் சில நாள் முன்பு, பெற்றோர் எல்லோருடைய கைபேசிக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. ஆசிரியர்களை வாழ்த்த விரும்பும் பிள்ளைகள் பூவோ வாழ்த்து அட்டையோ கொண்டுவரலாம். இனிப்புக் கொடுப்பதானால் கடையில் வாங்கிய, உறை பிரிக்காத சாக்லேட்டாக இருக்க வேண்டும். வீட்டில் செய்த பலகாரம் எதுவும் கூடாது. மருமகள் இதைப் படித்துக் காட்டியபோது நான் அடுப்படியில் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். பேரனின் வகுப்பாசிரியைக்குக் கொடுத்தனுப்பத்தான்.

நான் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. அத்தனை பிள்ளைகள் படிக்கும் இடத்தில், ஒரு டப்பாவில் வந்தது கெட்டுப்போயிருந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் பழக்கமானதுதான். அறிவிப்பை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியால் பள்ளிக்கூடத்தை விட்டு எது வெளியே போகிறது என்று தெரிந்து எழுதினாரா என்பதுதான் என் கேள்வி.

நான் படித்த பள்ளிக்கூடம் உடன்குடிக்குப் பக்கத்தில், தேரிக்காட்டு ஓரத்தில் இருந்தது. இன்று அது தூத்துக்குடி மாவட்டம்; 1986இல் பிரியும் வரை திருநெல்வேலி மாவட்டம். சிவப்பு மணல், அதில் கண்ணுக்கு எட்டிய மட்டும் பனை. அப்பா பனையேறி. பங்குனி தொடங்கி ஆவணி வரை பதநீர்க் காலம். விடியுமுன் மரம் ஏறி அப்பா இறக்கி வரும் பதநீரை அம்மா விடிலி என்னும் ஓலைக் குடிசையில் வைத்துக் காய்ச்சுவாள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி வைப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் பதநீராக நிற்கிறது. ஓலையையும் மட்டையையும் எரித்து மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், நுரை அடங்கும். பாகு இறுகி வரும் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. அந்தப் புகையில் நின்று நின்று அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். எங்கள் வீட்டில் காசு இருக்காது, கருப்பட்டி இருக்கும். அரிசியும் மண்ணெண்ணெயும் என் சிலேட்டும் அதை விற்றுத்தான் வந்தன. சார்வாள் வீட்டுக்குப் போனதும் அதில் செய்த பண்டம்தான்.

ஆண் ஆசிரியரை எங்கள் பக்கத்தில் சார்வாள் என்றுதான் கூப்பிடுவோம். சார்வாளுக்கு என்று ஆண்டு முழுவதும் ஏதாவது போய்க்கொண்டே இருக்கும். தீபாவளிக்குக் கருப்பட்டி அதிரசம், முந்திரிக்கொத்து. சரஸ்வதி பூசைக்குச் சுண்டல், பொரிகடலை. பொங்கல் கழிந்தால் அவித்த பனங்கிழங்கு. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்துமசுக்கு அச்சு முறுக்கு கொண்டுவருவார்கள். காயல்பட்டினத்தில் உறவுக்காரர்கள் இருந்த ஒரு பையன் பெருநாள் முடிந்து வரும்போது வட்டிலப்பம் கொண்டுவருவான். தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்து அவித்த அந்த இனிப்பை நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூடத்து மேசையில்தான்.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது கார்த்திகைத் திருநாளுக்குச் செய்யும் ஓலைக் கொழுக்கட்டை. முதல் நாளே அப்பா குருத்தோலை வெட்டிக் கொண்டுவந்து போட்டுவிடுவார். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சலித்து, மாவை மணம் வர வறுக்க வேண்டும். கருப்பட்டியைத் தட்டிக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தேங்காய்த் துருவல், வறுத்த பாசிப்பயறு, சுக்கு, ஏலக்காய் எல்லாம் சேர்த்து அம்மா பிசைவாள். ஓலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, அதன் மடிப்புக்குள் மாவை நீளவாக்கில் வைத்து, மேலே இன்னோர் ஓலையைப் பொதிந்து, ஓலைக் கீற்றாலேயே கட்டி, பானையில் அடுக்கி அவிப்பாள். வெந்து வரும்போது பச்சோலை வாசம் தெருக்கோடி வரை போகும். பிரித்துப் பார்த்தால் ஓலையின் நரம்புகள் கொழுக்கட்டை மேல் வரிவரியாகப் பதிந்திருக்கும். முதல் ஈடு சாமிக்கும் சார்வாளுக்கும். நாங்கள் அடுத்த ஈட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

தூக்குச்சட்டியை என் கையில் கொடுக்கும்போது அம்மா சொல்வாள்: "ஏ பிள்ளே, குடுத்துட்டு ஓடியாந்துராத. சட்டியத் தருவாவ, நின்னு வாங்கிட்டு வா."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூட வாசல் வரை வந்திருக்கிறாள், உள்ளே வந்ததில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் வேப்பமரத்தடியோடு நின்றுவிடுவாள். என் படிப்பைப் பற்றிச் சார்வாளிடம் அவள் கேட்க நினைத்தது, சொல்ல நினைத்தது எல்லாம் அந்தத் தூக்குச்சட்டி வழியாகவே போனது. சார்வாள் வீட்டம்மாவும் சட்டியைக் கழுவித் துடைத்து வெறுமனே கொடுத்தனுப்ப மாட்டார். ஒரு கைப்பிடிச் சீனி, கொஞ்சம் காப்பித்தூள், கொல்லையில் காய்த்த நாலு கத்தரிக்காய் என்று ஏதாவது உள்ளே இருக்கும். ஒரு கார்த்திகைக்கு அதற்குள் சுருட்டி வைத்த நோட்டு ஒன்று இருந்தது. மூத்த வகுப்புப் பிள்ளைகள் எழுதியது போக மிஞ்சிய வெற்றுத் தாள்களைக் கிழித்து, சார்வாளே ஊசி நூலால் தைத்தது. அதில்தான் நான் வகுத்தல் கணக்குப் போட்டுப் பழகினேன். அம்மா அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அடுத்த தீபாவளிக்கு முந்திரிக்கொத்து இரட்டிப்பாகப் போனது.

ஆசிரியருக்குப் பொருளாகவோ உணவாகவோ கொடுப்பது நம் மண்ணில் நேற்று வந்த பழக்கம் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் வாத்தியாருக்கு நெல்லாகவும் அரிசியாகவும் காய்கறியாகவும்தான் பெரும்பாலும் ஊதியம் வந்தது. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் போட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கிடைத்தது வாத்தியாருக்குச் சேரும். இன்னும் பின்னால் போனால், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னன் பாடிய புறநானூற்று 183ஆம் பாட்டு இருக்கிறது. ஆசிரியருக்கு ஓர் இடர் வந்தால் உதவ வேண்டும், பொருள் கொடுத்தும் கற்க வேண்டும் என்று தொடங்குகிற பாட்டு அது. பலரும் அந்த முதற்பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே பாட்டு, கீழே வைக்கப்பட்ட ஒருவன் கற்றுவிட்டால் மேலே இருப்பவனும் அவனிடம் போய் நிற்பான் என்று முடிகிறது. ஆசிரியருக்குக் கொடுப்பதையும் பிறப்பு வேற்றுமையைக் கல்வி உடைப்பதையும் ஒரே மூச்சில் அந்த அரசன் பேசியிருக்கிறான். நான் படித்த வகுப்பறையில் அந்த இரண்டும் ஒன்றாக நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வகுப்பில் காலனிப் பிள்ளைகள், அதாவது தலித் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள், சிலர் இருந்தார்கள். கடைசி வரிசையில் உட்காருவார்கள். யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை, ஆனாலும் அங்கேதான் உட்காருவார்கள். அவர்கள் வீட்டிலும் பொங்கலுக்குக் கிழங்கு அவிப்பார்கள். அவர்களுக்கும் சார்வாளுக்குக் கொடுக்க ஆசை இருக்கும். மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு இருந்த ஆசிரியர் எங்கள் பண்டங்களைக் கையில் வாங்கிக்கொள்வார். காலனிப் பையன் நீட்டினால் "அங்க வையி" என்று சன்னல் திண்டைக் காட்டுவார். சாயங்காலம் மணி அடித்து நாங்கள் கிளம்பும்போதும் கிழங்கு சன்னல் திண்டிலேயே இருக்கும். கொண்டுவந்த பையன் அதைத் திரும்பிப் பார்க்காமல் போவான். அடுத்த ஆண்டு அவன் எதுவும் கொண்டுவரவில்லை.

நான்காம் வகுப்பில் வந்தவர்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கும் சார்வாள். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்தவர். அதிர்ந்து பேசாதவர். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலனியிலிருந்து வரும் இன்னொரு பையன், ஓலை நாரால் கட்டிய கிழங்குக் கட்டு ஒன்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான். சார்வாள் அவனைக் கூப்பிட்டு, கட்டை வாங்கி, அங்கேயே அவிழ்த்தார்.

பனங்கிழங்கு அவசரத்துக்குத் தின்னக் கூடியது இல்லை. தோலை உரிக்க வேண்டும், நாரைக் கிழிக்க வேண்டும், ஒடித்து நடுவில் இருக்கும் குருத்தை உருவிப் போட வேண்டும், பிறகு மெல்ல வேண்டும். சார்வாள் அத்தனையும் எங்கள் முன்னால் பொறுமையாகச் செய்தார். வகுப்பே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாருல அவிச்சா?"

"எங்கம்மா, சார்வாள்."

"உப்பும் மஞ்சளும் சரியாப் பிடிச்சிருக்கு. அம்மாட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

ஒன்றைத் தின்று முடித்தபின் மீதியை ஒடித்து முன்வரிசையிலிருந்து கொடுத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் இருந்தவள் கையை நீட்டாமல் இருந்தாள். சார்வாள் அதட்டவில்லை, கிழங்கை நீட்டியபடியே நின்றார். கடைசியில் அவள் வாங்கிக்கொண்டாள். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சார்வாளை வெளியே கூப்பிட்டுப் பேசினார்கள். பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அந்தப் பையன் மறுபடி கிழங்கு கொண்டுவந்தான். சார்வாள் மறுபடி உரித்துச் சாப்பிட்டார்.

பனையேறி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கியவர்கள் எங்கள் தாத்தா காலத்தில் இருந்தார்கள். அந்த வலி தெரிந்த எங்கள் தெருவே காலனிப் பிள்ளையின் கிழங்கைத் தொட யோசித்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சாப்பாட்டில் பேதம் பார்த்ததால் சண்டை மூண்ட சேரன்மாதேவியும் எங்கள் பழைய திருநெல்வேலி மாவட்டத்து ஊர்தான். 1920களில் வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது பெரிய போராட்டமாக வெடித்தது. தேசத்துக்காக எவ்வளவோ இழந்த ஐயர், தமிழ் வழியில் நல்ல கல்வி கொடுக்க நினைத்துத் தொடங்கிய இடம் அது. பந்தி ஒன்றாக இல்லாததால் அது நிற்கவில்லை. தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியவற்றில் அந்தச் சாப்பாட்டுப் பிரச்சினையும் ஒன்று. வகுப்பறைச் சுவரில் எதை எழுதிப் போட்டாலும், யார் வீட்டுச் சோற்றை யார் சாப்பிடுகிறார் என்பதைத்தான் பிள்ளைகள் உற்றுப் பார்க்கிறார்கள். எங்கள் சார்வாளுக்கு அது தெரிந்திருந்தது.

நானும் பயிற்சி முடித்து, திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டம் அப்போது நன்றாக வேரூன்றியிருந்தது. மதியத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சோறு போட்டது. பண்டிகை நாளில் பிள்ளைகள் எங்களுக்குக் கொண்டுவந்தார்கள். பசியோடு வருகிற பிள்ளைக்குக்கூட, தன் வீட்டிலிருந்து டீச்சருக்கு எதையாவது கொடுக்கும் நாளில் முகம் வேறு மாதிரி இருக்கும். எப்போதும் வாங்கிக்கொண்டே இருக்கிற கைக்குக் கொடுக்கிற வாய்ப்பு எவ்வளவு பெரியது என்று அந்த முகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஆசிரியர் தினம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான 1962 முதல் அவர் பிறந்த செப்டம்பர் 5ஆம் நாளை நாடு கொண்டாடி வருகிறது. எங்கள் கிராமத்துப் பள்ளிகளில் நெடுங்காலம் அது காலை வழிபாட்டில் ஒரு பேச்சு, மதியம் ஒரு விளையாட்டு என்ற அளவில்தான் இருந்தது. பக்கத்து ஊர்களில் மெட்ரிக் பள்ளிகள் வந்தன. பேனாப் பெட்டி, சுவர்க் கடிகாரம், பளபளப்புத் தாளில் சுற்றிய பரிசு, பேக்கரி கேக் எல்லாம் வந்தன. அங்கே பார்த்து எங்கள் பிள்ளைகளும் கேட்டார்கள். மேசையில் பொருள்கள் குவிந்தன. பெயர் ஒட்டிய பொருள் ஒவ்வொன்றின் விலையும் வகுப்புக்கே தெரிந்திருந்தது.

ஒரு செப்டம்பர் 5 அன்று என் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு சிறுமி வரவில்லை. அவளுடைய அம்மா ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர். மறுநாள் வந்தவளிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "உடம்புக்கு ஒண்ணுமில்ல டீச்சர். வாங்கிட்டு வரக் காசில்ல" என்றாள். அவள் அழவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த வாரமே வகுப்பில் சொல்லிவிட்டேன். இனி என் மேசைக்குக் கடைப் பொருள் எதுவும் வரக்கூடாது. கொடுக்க ஆசை இருப்பவர்கள் வீட்டில் செய்ததைக் கொண்டுவரலாம், ஒரு கை வறுத்த கடலையானாலும் போதும். அடுத்த ஆண்டு வந்தவை இன்னும் நாக்கில் நிற்கின்றன. அவித்த சீனிக்கிழங்கு, ரவை லட்டு, சில்லுக் கருப்பட்டி, ஒருவன் வீட்டுக் கொல்லையில் பறித்த கொய்யா, புட்டு. உப்பளத்துச் சிறுமி ஒரு சிறிய டப்பாவில் உளுந்தங்களி கொண்டுவந்தாள். தோலோடு உளுந்தை அரைத்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெய் விட்டு உருட்டியது. பெண் பிள்ளை பெரியவளானால் இடுப்புக்குப் பலம் என்று எங்கள் பக்கம் கிண்டிக் கொடுப்பார்கள். உப்பளத்துக்குக் கிளம்புவதற்கு முன் விடியலில் எழுந்து அவளுடைய அம்மா எனக்காகக் கிண்டியிருக்கிறார். நான் வகுப்பிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன், என் சார்வாளிடம் கற்ற முறைப்படி, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க.

அரசு ஊழியர்கள் பரிசு வாங்குவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். மதிப்பெண் போடும் கையில் கடிகாரமும் பட்டுப் புடவையும் வைக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. மத்திய அரசு ஊழியர்களின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளே இந்த வேறுபாட்டைப் பார்த்திருக்கின்றன. எப்போதாவது நடக்கும் ஒரு வேளை உணவு உபசரிப்பைப் பரிசாகக் கருத வேண்டாம் என்று அங்கே குறித்திருக்கிறார்கள். விதி எழுதியவர்களுக்கும் ஒரு வாய்ச் சோற்றையும் ஒரு பொருளையும் ஒன்றாகப் பார்க்க மனம் வரவில்லை. இன்று பல தனியார் பள்ளிகளின் அறிவிப்புகள் இதைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. விலை போட்ட சாக்லேட் வரலாம், வீட்டு அடுப்பில் வெந்தது வரக்கூடாது.

என் மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அங்கே மே மாதத் தொடக்கத்தில் ஒரு வாரம் முழுவதும் ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லும் வாரம். அங்கேயும் பயம் உண்டு, நம்மைவிட அதிகமாகவே உண்டு. வேர்க்கடலை பட்டாலே மூச்சு முட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பால், முட்டை, மீன், ஓட்டுமீன்கள், வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, எள் என்று ஒன்பது பொருள்களைச் சட்டம் முதன்மையான ஒவ்வாமைப் பொருள்களாகப் பட்டியலிட்டிருக்கிறது. எள் அதில் கடைசியாக, 2023இல்தான் சேர்ந்தது. மகள் முந்திரிக்கொத்து செய்தபோது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பூரணத்தில் எள்ளை விட்டுவிட்டாள். மேல்மாவுக்கு மைதா சேர்க்காமல் பச்சரிசி மாவை மட்டும் கரைத்தாள். பாசிப்பயறு, தேங்காய், வெல்லம், ஏலக்காய், அரிசி மாவு, பொரித்த எண்ணெய் என்று ஒரு சீட்டில் எழுதி டப்பா மேல் ஒட்டினாள். பேத்தி அதைத் தன் ஆசிரியையிடம் கொடுத்தாள். அவர் சீட்டைப் படித்துவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தார், எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதியும் வாங்கிக்கொண்டார். எங்கள் தேரிக்காட்டுப் பலகாரம் அங்கே ஓர் ஆசிரியர் அறை மேசையில் இருந்தது என்று மகள் சொன்னபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. வேப்பமரத்தடியைத் தாண்டாதவளின் கைப்பக்குவம் கடல் கடந்து போய்ப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது.

அவ்வளவு பயமுள்ள இடத்தில் ஒரு சீட்டு போதுமானதாக இருந்திருக்கிறது. இங்கே நமக்கு ஏன் ஒரேயடியாகத் தடை? கெட்டுப்போகும் பண்டத்தை விலக்கலாம். செப்டம்பர் வெயிலில் பால் இனிப்பும் தேங்காய்ச் சட்னியும் வேண்டாம் என்று சொல்லலாம், நியாயம். அதிரசமும் முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் நாள் கணக்கில் தாங்குபவை. குளிர்பெட்டி இல்லாத காலத்தில், வண்டி கட்டிப் போகும் வழிப்பயணத்துக்கென்றே நம் பாட்டிகள் கண்ட பண்டங்கள் அவை. ஈரம் போக வறுத்து, பாகு காய்ச்சி, எண்ணெயில் பொரித்து எடுத்ததில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்தின் கதையைச் சொல்பவர்கள் எட்டயபுரத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. 2023 செப்டம்பரில் அதே எட்டயபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில், தலித் பெண் சமைத்தார் என்பதால் பிள்ளைகள் காலை உணவைச் சாப்பிடாமல் இருந்தார்கள் என்று செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் சார்வாள் கிழங்கு உரித்துக் காட்டி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குள் வீட்டுச் சோறு வர வேண்டும், எல்லா வீட்டுச் சோறும் வர வேண்டும், அதை ஆசிரியர் எல்லோர் முன்னாலும் சாப்பிட வேண்டும். அந்தத் தேவை இன்னும் தீர்ந்துவிடவில்லை. உறை பிரிக்காத சாக்லேட்டை யார் வேண்டுமானாலும் யாரிடமிருந்தும் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். அதில் யார் வீடும் இல்லை.

ஆகவே பள்ளி நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த அறிவிப்பில் ஒரு வரியை மாற்றுங்கள். எதில் செய்தது, எப்போது செய்தது என்று சீட்டு எழுதி ஒட்டிய வீட்டுப் பலகாரத்தை அனுமதியுங்கள், விலை கொடுத்து வாங்கும் பரிசை நிறுத்துங்கள். அம்மாக்களே, அப்பாக்களே, உங்கள் வீட்டில் வழக்கமாக எது வேகுமோ அதையே கொடுத்தனுப்புங்கள். களியானாலும் கிழங்கானாலும் சரி, அது குறைவானது இல்லை. ஆசிரியர்களே, வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை வியாதி இருந்தால் விரல்நுனி அளவு போதும். அந்தப் பிள்ளை பார்க்க, வகுப்பு பார்க்க, அங்கேயே ஒரு வாய் சாப்பிடுங்கள், யார் செய்தது என்று கேளுங்கள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஒரு பென்சிலாவது போட்டுக் கொடுங்கள்.